கொட்டும் முடிக்கு எது முதலில்? உணவு, கூட்டு மாத்திரை, ரத்தப் பரிசோதனை, மினாக்ஸிடில்: ஓர் ஒப்பீடு

சீப்பிலும் குளியலறை வடிகாலிலும் முடி சேரத் தொடங்கியதும் பெரும்பாலான பெண்கள் சந்தேகப்படுவது சத்துக்குறைவைத்தான். அந்தச் சந்தேகம் பல நேரம் சரியாகவே இருக்கிறது. திணறல் அதற்கு அடுத்த படியில்தான். சாப்பாட்டைத் திருத்தினால் போதுமா? 'முடி, தோல், நகம்' என்று அட்டையில் அச்சடித்து, பல சத்துகளை ஒன்றாகக் கலந்து விற்கும் கூட்டு மாத்திரையை வாங்கலாமா? முதலில் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டுமா? சத்துக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு, முடி வளரத் தலைத்தோலில் பூசும் மருந்தான மினாக்ஸிடில் தடவத் தொடங்கலாமா?

இந்தக் கட்டுரையின் சாய்வை முதலிலேயே சொல்லிவிடலாம். காரணம் தெளிவாகத் தெரியாதவர்களுக்கு ரத்தப் பரிசோதனைதான் முதல் படி. கூட்டு மாத்திரை கடைசி. ஆனால் நான்கில் எதையும் 'யாருக்குமே பொருந்தாது' என்று ஒதுக்கிவிட முடியாது. கூட்டு மாத்திரைகூடச் சிலருக்குக் கட்டாயம் தேவை.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முடி விஷயத்தில் பணத்தைவிடப் பெரிய செலவு மாதங்கள். அது ஏன் என்று புரிய, முடியின் சுற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு மயிர்க்காலும் தனக்கென ஒரு சுற்றில் இயங்குகிறது. வளரும் பருவம் 2 முதல் 6 ஆண்டுகள் வரை நீளும். பிறகு இரண்டு மூன்று வாரம் ஒடுங்கும் பருவம். அதன்பின் ஏறக்குறைய 3 மாதம் ஓய்வு. ஓய்வு முடிந்ததும் அந்த முடி உதிர, அதே இடத்தில் புதியது முளைக்கிறது. தலையில் சுமார் 1 லட்சம் முடி இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு எப்போதும் ஓய்வில்தான் இருக்கும். எனவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு.

கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு போன்றவை வளரும் பருவத்தில் உள்ள பல முடிகளை ஒரே நேரத்தில் ஓய்வுக்குத் தள்ளிவிடுகின்றன. தள்ளப்பட்டவை உடனே விழுவதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக விழுகின்றன. ஆக, இன்று கொட்டும் முடி மூன்று மாதத்துக்கு முன் உடலில் நடந்ததன் விளைவு. இன்று தொடங்கும் சிகிச்சையின் பலனும் மூன்று மாதம் கழித்தே கண்ணுக்குத் தெரியும். புதிய முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால், தோள்வரை முடி உள்ளவருக்குப் பின்னலின் பருமன் பழையபடி திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆகும்.

இந்தத் தாமதத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு தடவை வந்துபோன காரணத்தால் ஏற்படும் உதிர்வு, பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். பயந்துபோய் மூன்றாம் மாதம் எதையாவது வாங்கிச் சாப்பிட்டால், ஐந்தாம் மாதம் உதிர்வு நிற்கும்போது பெயர் அந்த மாத்திரைக்குப் போகிறது. அனுபவப் பரிந்துரைகளில் பெரும்பகுதி இப்படித்தான் பிறக்கிறது.

எனவே ஒப்பிடும் அளவுகோல்கள் இவை:

- உண்மையான குறையை நிரப்பும் அளவுக்கு இதில் சத்து இருக்கிறதா?
- இது தவறான தேர்வு என்று தெரியவர எத்தனை மாதம் ஆகும்?
- தேவையில்லாதவர் எடுத்தால் என்ன கெடும்?
- அட்டையில் எழுதாத செலவு என்ன?

## தேர்வுக்கு முன் ஒரு பார்வை

நல்ல வெளிச்சத்தில் நடு வகிடு எடுத்துக் கண்ணாடியில் பாருங்கள். வகிடு பழைய படங்களில் இருந்ததைவிட அகலமாகி, உச்சியில் தலைத்தோல் தெரிகிறது, ஆனால் முன்நெற்றிக் கோடு அப்படியே இருக்கிறது என்றால் அது பெண்களுக்கு வரும் பரம்பரை வகை மெலிவாக இருக்க வாய்ப்பு அதிகம். இதில் ஒரேயடியாக நிறைய முடி கொட்டுவது போலத் தோன்றாமலும் போகலாம். ஒவ்வொரு முடியும் மெல்லியதாகி வருவதே அடையாளம்.

வகிடு பெரிதாக மாறவில்லை, ஆனால் தலை முழுவதிலிருந்தும் கைநிறைய வருகிறது, விழுந்த முடியின் நுனியில் சிறிய வெள்ளை உருண்டை இருக்கிறது என்றால் அது ஓய்வுப் பருவ உதிர்வு. சத்துக்குறைவு முக்கியமாகச் சந்தேகிக்கப்பட வேண்டியது இங்கேதான். அந்த வெள்ளை உருண்டையை 'வேரோடு போய்விட்டது' என்று நினைத்துப் பலர் கலங்குகிறார்கள். அது ஓய்வு முடிந்த முடியின் அடிமுனை. மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது.

இரண்டும் சேர்ந்தும் வரும். வட்டவட்டமாகச் சொட்டை, தலைத்தோலில் எரிச்சல், வடு, இறுகக் கட்டும் இடத்தில் மட்டும் முடி போவது ஆகியவை இந்த ஒப்பீட்டுக்குள் வராதவை. அவற்றுக்கு நேரே தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | உணவு மட்டும் | கூட்டு மாத்திரை | பரிசோதனை + குறைந்த சத்து மட்டும் | மினாக்ஸிடில் |
|---|---|---|---|---|
| குறையை நிரப்புமா? | லேசான குறைக்கும் புரதத்துக்கும் ஆம். காலியான இரும்புக் கையிருப்புக்கு மிக மெதுவாக | பெரும்பாலும் இரும்பு இருக்காது, இருந்தாலும் போதாது | ஆம் | சத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை |
| தவறு தெரியவர | 6 மாதத்துக்கு மேல் | 3 முதல் 6 மாதம் | இரும்புக்குச் சில வாரத்தில் ரத்தமே சொல்லிவிடும் | 4 முதல் 6 மாதம் |
| தேவையற்றவருக்குத் தீங்கு | இல்லை எனலாம் | வைட்டமின் ஏ, செலினியம் மிகுந்தால் முடியே கொட்டும் | அளவு மீறினால் மட்டும் | அரிப்பு, முகத்தில் முடி |
| மறைந்த செலவு | இழக்கும் காலம் | பரிசோதனை முடிவுகள் பொய்யாவது | திரும்பத் திரும்பப் பரிசோதனை | நிறுத்தினால் பலன் போகும் |
| யாருக்கு முதல் தேர்வு? | பட்டினி டயட்டில் இருந்தவர் | குடல் அல்லது எடைக்குறைப்பு அறுவை செய்தவர் | காரணம் தெரியாத பரவலான உதிர்வு | வகிடு அகன்றவர் |

## உணவை மட்டும் திருத்துவது

முதலில் உணவு எங்கே வெல்கிறது என்று பார்ப்போம். முடி ஏறக்குறைய முழுவதும் புரதம். வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் குறைந்தபட்சத் தேவை. 55 கிலோ எடைக்கு 44 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், ஒரு குவளை பாலில் 8 கிராம், ஒரு கிண்ணம் வெந்த பருப்பில் 15 கிராமுக்கு மேல். மூன்று வேளையில் இரண்டு வேளை வெறும் மாவுச்சத்தாகவே போகும் தட்டில் 44 கிராம் தேறாது. எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்தவர்களுக்கும், பசியை அடக்கும் ஊசியால் வேகமாக எடை இறங்கியவர்களுக்கும் மூன்றாம் மாதத்தில் முடி கொட்டுவது இதனால்தான். போதிய கலோரியும் புரதமும் திரும்பினால் முடியும் திரும்பும். இவர்களுக்கு உணவே சிகிச்சை.

இரும்பில்தான் உணவு தடுமாறுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஓர் எண் (மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம்) கூடுவதற்கு 8 முதல் 10 மி.கி. இரும்பு சேமிப்பில் சேர வேண்டும். 10-ல் இருப்பவர் 40-க்கு வர 240 முதல் 300 மி.கி. வேண்டும். மாதவிடாய் வரும் பெண்ணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் 18 மி.கி. இரும்பைக் குறையில்லாமல் சாப்பிட்டாலும், தாவர உணவிலிருந்து பத்தில் ஒரு பங்கு உடலில் சேர்ந்தால் 1.8 மி.கி.; அன்றாட இழப்பும் மாதவிடாய் இழப்பும் சேர்ந்து சராசரியாக 1.5 மி.கி. போய்விடுகிறது. மிச்சம் 0.3. குறை இருக்கும்போது குடல் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் நிலைமை இந்தக் கணக்கு காட்டும் அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். மாதவிடாயில் ரத்தம் 80 மில்லியைத் தாண்டுபவர்களுக்கு அந்த இழப்பு மட்டுமே 40 மி.கி. இரும்பு. அவர்களுக்கு உணவால் கையிருப்பு ஏறவே ஏறாமல் போகலாம்.

உணவைத் தேர்ந்தால் அளவைவிட உறிஞ்சலைக் கவனிப்பதே பயன் தரும். இறைச்சி, மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பில் 15 முதல் 35 சதவீதம் வரை உடலில் சேரும். கீரை, பருப்பு, தானியத்தில் இருப்பது 2 முதல் 20 சதவீதம் வரை மட்டும். அந்த 2-ஐ 20-ஐ நோக்கித் தள்ளுவது கூடவே சாப்பிடும் வைட்டமின் சி: எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சு, கொய்யா, குடைமிளகாய். கீழே இழுப்பவை தேநீரும் காப்பியும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இவற்றைத் தள்ளி வையுங்கள். பருப்பையும் பயறையும் ஊறவைப்பதும் முளைகட்டுவதும் இரும்பைப் பிடித்து வைக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கும்.

முடிக்கு நல்லது என்று பச்சை முட்டை குடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம், பி வைட்டமின்களில் ஒன்றான பயோட்டினைக் கட்டிப்போட்டுவிடும். வேகவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

## கூட்டு மாத்திரை

இதன் கவர்ச்சி புரிந்துகொள்ளக்கூடியதே. மருத்துவரைப் பார்க்க வேண்டாம், ஊசி வேண்டாம், எல்லாம் ஒன்றில் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன அளவுகோல்களில் இது அடிவாங்குவது முதலாவதிலேயே.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது பயோட்டின், பெரும்பாலும் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளின் தேவை 30 மைக்ரோகிராம். உண்மையான பயோட்டின் குறை அரிது. சில வலிப்பு மருந்துகளை நீண்ட காலம் எடுப்பவர்கள், பிறவி நொதிக் குறைபாடு உள்ளவர்கள், மேலே சொன்ன பச்சை முட்டைக்காரர்கள் ஆகியோரிடம் அது வரலாம். குறை இல்லாத பெண்ணுக்குப் பயோட்டின் முடியை வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. பெண்களிடம் அதிகமாகக் குறையும் இரும்போ, பல தயாரிப்புகளில், குறிப்பாக மிட்டாய் வடிவில் வருபவற்றில், இருப்பதே இல்லை. இருந்தாலும் கூடவே இருக்கும் கால்சியமும் துத்தநாகமும் அதனுடன் போட்டியிடும்.

மறைந்த செலவு இரண்டு. முதலாவது, பரிசோதனைகளைக் குழப்புவது. பல ஆய்வகக் கருவிகள் அளவிடும் முறையிலேயே பயோட்டின் ஒரு பகுதியாகப் பயன்படுகிறது. ரத்தத்தில் அது மிகுந்திருந்தால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் அளவு பொய்யாகக் குறைந்தும், தைராய்டு ஹார்மோன் பொய்யாகக் கூடியும் வரும். இல்லாத தைராய்டு மிகைச்சுரப்பு நோய் இருப்பது போன்ற அறிக்கை கிடைத்துவிடும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் பொய்யாகக் குறையலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் இதுபற்றி எச்சரித்தது, 2019-இல் மீண்டும் நினைவூட்டியது. உதிர்வுக்குக் காரணம் தேடிப் பரிசோதனைக்குப் போகும் பெண், அந்தக் காரணத்தை மறைக்கும் மாத்திரையை அன்று காலையிலும் விழுங்கிவிட்டுப் போவதுதான் இதில் உள்ள கொடுமை.

இரண்டாவது, அளவு மிஞ்சுவது. சில சத்துகள் மிகுந்தாலும் முடி கொட்டும். வைட்டமின் ஏ-யின் ரெட்டினால் வடிவத்துக்கு உச்சவரம்பு நாளுக்கு 3,000 மைக்ரோகிராம். அதற்கு மேல் தொடர்ந்து போனால் முடி உதிர்வு, கருவுற்றவருக்கு சிசுவில் பிறவிக் குறை. செலினியத்தின் தேவை 55 மைக்ரோகிராம், வரம்பு 400. அமெரிக்காவில் 2008-இல் அட்டையில் எழுதியதைவிடச் சுமார் 200 மடங்கு செலினியம் கலந்துவிட்ட ஒரு திரவச் சத்துணவால் பலருக்கு முடி கொட்டி, நகம் நிறம் மாறி உடைந்தது. அது தயாரிப்புப் பிழை. சாதாரணமாக நடப்பது வேறு: காலையில் முடி மாத்திரை, மதியம் பொது மல்டிவைட்டமின், இரவில் மீன் ஈரல் எண்ணெய்; மூன்றிலும் வைட்டமின் ஏ. கூட்டிப் பார்ப்பவர் யாருமில்லை.

இது யாருக்குச் சரி? எடைக்குறைப்பு அறுவை செய்தவர்கள், உறிஞ்சல் குறையும் குடல் நோய் உள்ளவர்கள், ஒவ்வாமையாலோ நோயாலோ மிகக் குறுகிய உணவில் இருப்பவர்கள். இவர்களுக்கு ஒரே நேரத்தில் பல சத்துகள் குறைவது எதிர்பார்க்கக்கூடியது. அவர்களும் முடி படம் போட்ட டப்பாவைத் தேட வேண்டியதில்லை. அறுவை செய்தவர்களுக்கு மருத்துவர் தரும் பட்டியல். மற்றவர்களுக்கு ஒவ்வொரு சத்தும் அன்றாடத் தேவையை ஒட்டியே இருக்கும் சாதாரண மல்டிவைட்டமின் போதும்.

## பரிசோதித்து, குறைந்ததை மட்டும் தருவது

கேட்க வேண்டிய பட்டியல் சிறியது: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், டிஎஸ்ஹெச், வைட்டமின் டி, பி12. துத்தநாகம் எல்லோருக்கும் தேவையில்லை. உணவு மிகக் குறைந்தவர்களுக்கும் குடல் நோய் உள்ளவர்களுக்கும் மட்டும். எழுபது எண்பது அளவீடுகள் கொண்ட முழு உடல் தொகுப்பை வாங்கினால், முடிக்குத் தொடர்பில்லாத ஏதோ ஒன்று கோட்டுக்கு வெளியே நிற்கும், அதைத் துரத்தவே அடுத்த மாதம் போகும். முடியை வெட்டி அனுப்பித் தாது அளக்கும் பரிசோதனையால் உடலின் இரும்புக் கையிருப்பு தெரியவராது.

ரத்தம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை: பயோட்டின் உள்ள எதையும் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்துங்கள். காய்ச்சல், தொற்று இருந்தால் குணமாகிச் சில வாரம் கழித்துப் போங்கள். உடலில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாக ஏறி, காலியான கையிருப்பை நிறைந்ததுபோல் காட்டும். சந்தேகம் இருந்தால் அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கலாம்.

### அறிக்கையில் பலர் சறுக்கும் இடம்

"ஹீமோகுளோபின் 12.4, ரத்தசோகை இல்லை" என்றதும் இரும்பை மறந்துவிடுகிறார்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழ் போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆனால் உடல் முதலில் சேமிப்பைத்தான் கரைக்கும். ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். சேமிப்பைச் சொல்வது ஃபெரிட்டின். அதில் 15-க்குக் கீழ் என்றால் குறை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 30-க்குக் கீழ் இருந்தாலே குறை என்று பல மருத்துவர்கள் நடத்துகிறார்கள். முடிக்கு 40 வேண்டும், 70 வேண்டும் என்பதில்தான் சண்டை. சான்றுகள் ஒரே பக்கம் பேசவில்லை. நடைமுறையில், உதிர்வு உள்ள பெண்ணின் ஃபெரிட்டின் 30-க்குக் கீழ் இருந்தால் நிரப்புவது நியாயம். 60-ல் இருப்பவர் 70-ஐ எட்ட மாதக்கணக்கில் இரும்பு விழுங்குவதற்குப் போதிய காரணம் இல்லை. ஆய்வகத் தாளில் இயல்பு வரம்பு 10-லிருந்தே தொடங்கினால், '12, இயல்பு' என்று அச்சாகியிருப்பதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு சறுக்கல்: சிவப்பணுக்கள் சிறியவையாக இருப்பதை மட்டும் பார்த்து இரும்பு கொடுப்பது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாற்றின் மரபணுவைத் தாங்கியவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும், ஃபெரிட்டின் மட்டும் சரியாக இருக்கும். அவர்களுக்கு இரும்பு பயன் தராது, தேவையின்றிச் சேரும்.

### இரும்பு மாத்திரை எடுக்கும் முறை

மாத்திரையின் மொத்த எடை வேறு, அதில் உள்ள தனி இரும்பின் அளவு வேறு. ஃபெரஸ் சல்ஃபேட் 325 மி.கி. மாத்திரையில் தனி இரும்பு 65 மி.கி.; ஃபெரஸ் ஃப்யூமரேட் 200 மி.கி.-யிலும் அதே 65. பழைய முறை நாளுக்கு இரண்டு மூன்று வேளை. இப்போது ஒரே வேளை, அதிலும் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது பல பெண்களுக்குப் போதும் என்பது தெளிவாகியிருக்கிறது. ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, சுமார் 24 மணி நேரம் அடுத்த மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. அன்றே விழுங்கும் இரண்டாவது மாத்திரை வயிற்றைப் புரட்டி, மலச்சிக்கலைத் தருவதற்கே அதிகம் பயன்படும். ரத்தசோகை அதிகம் இருந்தால் தினசரி அளவை மருத்துவர் முடிவு செய்வார்.

காலையில் வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது. தாங்கவில்லை என்றால் சிறிது உணவோடு. தேநீர், காப்பி, பால், கால்சியம் மாத்திரை, அமிலத்தைக் குறைக்கும் மருந்து எதுவும் அந்த வேளையில் வேண்டாம். தைராய்டு மாத்திரையான தைராக்ஸின் எடுப்பவர்கள் இரண்டுக்கும் இடையே 4 மணி நேரம் விட வேண்டும்; இல்லையென்றால் இரும்பு தைராக்ஸினைத் தடுத்து, அதுவே முடி உதிர்வைக் கூட்டும். மலம் கறுத்துப் போவது இயல்பு. தார் போல் ஒட்டும் தன்மையும் கடும் நாற்றமும் இருந்தால் அது வேறு, உடனே காட்டுங்கள். இரும்பு மாத்திரையைச் சின்னக் குழந்தைகள் தின்றால் உயிருக்கே ஆபத்து. எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

ரத்தசோகை இருந்தால் 4 வாரத்தில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 வரை ஏற வேண்டும். ஃபெரிட்டினை 8 முதல் 12 வாரத்தில் மறுபடி பாருங்கள். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை; சேமிப்பு நிரம்ப மேலும் சுமார் 3 மாதம் வேண்டும். ஒழுங்காக எடுத்தும் ஏறவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள். எங்கேயோ ரத்தம் போகிறது, அல்லது குடல் உறிஞ்சவில்லை. அதிக மாதவிடாய், கோதுமைப் புரதம் குடலுக்கு ஒவ்வாத சீலியாக் நோய், வயிற்றில் ஹெலிகோபாக்டர் தொற்று ஆகியவற்றைத் தேட வேண்டும்.

### மற்றவை

வைட்டமின் டி 20 நானோகிராமுக்குக் கீழ் என்றால் குறை. அதை நிரப்புவது எலும்புக்கு உறுதியாக நல்லது. முடிக்கு எவ்வளவு உதவும் என்பதில் சான்று பலவீனம். 60,000 யூனிட் மாத்திரை வாரத்துக்கு ஒன்று. அதைத் தினமும் விழுங்கி, கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகப் பாதிப்புமாக மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு. சீட்டில் 'வாரம்' என்று எழுதியிருப்பதை இரண்டு முறை படியுங்கள்.

பி12 200 பிகோகிராமுக்குக் கீழ் போனால் குறை. பால், முட்டை, இறைச்சி எதுவும் தொடாதவர்கள், நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் அல்லது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாக எடுத்தால் ரத்தசோகை சரியாகிவிடும், பி12 குறையால் நரம்பு கெடுவது மட்டும் சத்தமில்லாமல் தொடரும்.

துத்தநாகத்துக்கு அன்றாடத் தேவை 8 மி.கி., வரம்பு 40. ஜிங்க் சல்ஃபேட் 220 மி.கி. மாத்திரை ஒன்றிலேயே 50 மி.கி. தனித் துத்தநாகம் இருக்கிறது. மாதக்கணக்கில் போனால் உடலில் தாமிரம் குறைந்து, இரும்பால் சரியாகாத ஒரு ரத்தசோகை வரும்.

இந்த வழியின் மறைந்த செலவு பொறுமையும் மறுபரிசோதனையும். எல்லா முடிவும் இயல்பு என்று வந்தால் ஏமாற்றம் வேறு. உண்மையில் அது வீண் அல்ல. சத்து மாத்திரைகளில் போகவிருந்த அரை ஆண்டை அந்த ஒரு தாள் மிச்சப்படுத்திவிட்டது.

## மினாக்ஸிடில்

வகிடு அகன்றவர்களுக்கு இதைத் தள்ளிப்போடச் சத்துக்குறைவு ஒரு சாக்காகிவிடக் கூடாது. பரம்பரை மெலிவில் மயிர்க்கால் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. ஃபெரிட்டினை எவ்வளவு ஏற்றினாலும் அது நிற்காது.

பெண்களுக்கு 2 சதவீதத் திரவம் 1 மில்லி வீதம் நாளுக்கு இரண்டு வேளை, அல்லது 5 சதவீத நுரை ஒரு வேளை. முடியில் பூசினால் பயனில்லை, வகிடு பிரித்துத் தலைத்தோலில் படவேண்டும். தலை காய்ந்திருக்க வேண்டும். தடவி 4 மணி நேரம் தலைக்குக் குளிக்கக் கூடாது. படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பே தடவினால் தலையணை வழியாக முகத்துக்குப் போகாது. கன்னத்தில் மெல்லிய முடி முளைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். திரவத்தில் உள்ள புரொப்பிலீன் கிளைக்கால் சிலருக்கு அரிக்கும். அவர்களுக்கு நுரை ஒத்துப்போகும். வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அதன் உடலில் சிறிதளவு பட்டாலும் அதற்கு நஞ்சு.

தொடங்கி 2 முதல் 8 வாரத்தில் உதிர்வு கூடும். பழைய ஓய்வு முடிகளைத் தள்ளிவிட்டுப் புதியவை எழுவதால் வரும் இது மருந்து வேலை செய்வதன் அறிகுறி. பலர் இங்கேதான் பயந்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது 4 மாதம் தராமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பலன் வந்தபின் நிறுத்தினால் சில மாதங்களில் பெற்றது போய்விடும். அதாவது இது ஆண்டுக்கணக்கான ஒப்பந்தம். கர்ப்பம், தாய்ப்பாலூட்டல், இதய நோய் இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

தற்காலிக ஓய்வுப் பருவ உதிர்வுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துவது பெரும்பாலும் தேவையற்றது. தானாக நிற்கவிருந்த உதிர்வை நிறுத்தவே முடியாத மருந்தோடு கட்டிப்போடுவதுபோல் ஆகிவிடும். எது உதவியது என்றும் தெரியாமல் போகும்.

## யார் எதை?

பிரசவமாகி 2 முதல் 4 மாதம். பெரும்பாலும் எதுவும் வேண்டாம். குழந்தைக்கு ஒரு வயது நிரம்புவதற்குள் பொதுவாகத் தானே சரியாகும். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போயிருந்தாலோ, சோர்வு விடாமல் இருந்தாலோ ஃபெரிட்டினும் டிஎஸ்ஹெச்சும் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு அழற்சி வருவதும் உண்டு.

மாதவிடாய் அதிகம், ஐஸ் கட்டி கடிக்கத் தோன்றுகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, நகம் கரண்டிபோல் குழிகிறது. உணவில் நேரத்தைப் போக்காமல் பரிசோதனை, இரும்பு, கூடவே மகப்பேறு மருத்துவர். ஓட்டையை அடைக்காமல் வாளியை நிரப்ப முடியாது.

சமீபத்தில் வேகமாக எடை குறைந்தது. உணவு முதலில். 6 மாதமாகியும் உதிர்வு அடங்கவில்லை என்றால் பரிசோதனை.

மாதவிடாய் நின்றவர். வகிடு அகன்றிருந்தால் மினாக்ஸிடில். ஆனால் இந்த வயதில் ஃபெரிட்டின் குறைவாக வந்தால், இரும்பு மாத்திரையோடு நிறுத்திவிடாமல் குடலில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிக்காகச் செய்த பரிசோதனை, குடல் புற்றுநோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் தருணமாகவும் அது அமையலாம்.

மாதவிடாய் தவறுகிறது, தாடையில் முடி, விடாத முகப்பரு. நான்கில் எதையும் தொடங்கும் முன் ஹார்மோன் பரிசோதனை. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையை எந்தச் சத்து மாத்திரையும் தீர்க்காது.

வகிடும் அகன்றிருக்கிறது, ஃபெரிட்டினும் 12. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கலாம். ஒன்று முடியட்டும் என்று மற்றதை ஆறு மாதம் நிறுத்திவைக்கத் தேவையில்லை.

எதைத் தேர்ந்தாலும் விழும் முடியைத் தினமும் எண்ணிக்கொண்டிருப்பது கணக்கும் ஆகாது, நிம்மதியும் தராது. தலைக்குக் குளித்த நாளில் எண்ணிக்கை இரண்டு மூன்று மடங்காகும். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், உலர்ந்த தலையில் நடு வகிட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குதிரைவாலைக் கட்டி, ரப்பர் பேண்டுக்கு அடியில் நூலால் சுற்றளவை அளந்து தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தப் படங்கள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், முந்தைய மூன்று நான்கு மாதங்களில் வந்த காய்ச்சல், அறுவை, புதிய மருந்து, எடை மாற்றம் ஆகியவற்றின் தேதிகள் மூன்றையும் கொண்டுபோங்கள்.